முதலில் யார் அழுத்துவது

ஜனவரி 9, வெள்ளி

எங்கள் தீவில் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் நாலு படகுகளுக்கும் இன்று காலை முதல் ஒரே முன்பதிவு. நான் எழுதிய மென்பொருள். இரண்டு வருஷமாக யாரோ வெளியூர்க்காரர்கள் செய்து விற்ற ஒன்றை வைத்துக்கொண்டு மாரடித்தோம். அதற்கு விடுதி அறை தெரியும், ஹோட்டல் மேஜை தெரியும், கடல் தெரியாது. உண்டு, ரத்து என்று இரண்டே நிலை. "கடலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்பதற்கு அதில் இடமே கிடையாது. எங்கள் பிழைப்பே அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகிறது.

என்னுடையதில் அது இருக்கிறது. காலை ஐந்தரைக்குள் ஒவ்வொரு கேப்டனும் தன் போனில் "போகலாம்" அல்லது "வேண்டாம்" அழுத்த வேண்டும். அழுத்தியவர் பெயர் நாலு பேருக்கும் தெரியும். ஒருவர் வேண்டாம் என்றால் அவருடைய ஆட்களுக்கு உடனே செய்தி போகும், கொரிய மொழியிலும் சீனத்திலும்கூட: இன்னும் கிளம்பவிருக்கும் படகில் இடம் இருக்கிறது, மாறிக்கொள்கிறீர்களா? எதையும் அழுத்தாவிட்டால் போவதாக அர்த்தம். எல்லாம் நாலு பேரும் கேட்டபடிதான்.

இதுவரை விடிவதற்கு முன் நாலு பேரும் அலைத்தடுப்புச் சுவரில் போய் நிற்பார்கள். இயந்திரத்தில் காசு போட்டு டப்பாக் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு பேஸ்பால், முழங்கால் வலி என்று எதையாவது பேசுவார்கள். திடீரென்று நாலு பேரும் திரும்பி வீட்டுக்கு நடப்பார்கள். அன்று படகு இல்லை. யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதுவரை விருந்தினர்கள் காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் விடுதியில் முழித்துக்கொண்டிருப்பார்கள். இனி அந்தக் கூத்து இல்லை.

என் வீட்டுக்காரர் கென்யூதான் முதலில் "போகலாம்" அழுத்தினார். போர்வைக்குள் இருந்தபடியே.

ஜனவரி 12, திங்கள்

முதல் சோதனை. நேற்று மாலையே காற்று வடக்கே திரும்பிவிட்டது. இவர் ஐந்து மணிக்கு முன்பே "வேண்டாம்" அழுத்தினார். பிறகு எங்களுக்குள் மூத்தவரான ஸென்கிச்சி அண்ணன், பிறகு ஹாருமி அக்கா. மாத்தயோஷி மட்டும் போகலாம் என்றார். நான் செய்து வைத்தபடியே, இடம் நிரம்பும் வரை மூன்று படகின் ஆட்களும் அவர் படகுக்கு மாறினார்கள். ஒரு இடம்கூட வீணாகவில்லை. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

போனவர்கள் நனைந்த கோழிகளாகத் திரும்பினார்கள், ஆனால் குட்டியோடு ஒரு தாய்த் திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறார்கள். படம் படமாக ஊரெல்லாம் காட்டினார்கள். சாயங்காலம் கடையில் மாத்தயோஷி இவரைப் பார்த்து, "என்னண்ணே, காலைல காய்ச்சலா?" என்று கேட்டாராம். இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவாகச் சிரிக்கவில்லை என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

ஜனவரி 16, வெள்ளி

உயிர்காப்பு உடுப்புக்காக எடை கேட்கும் கட்டத்தில் ஒரு கொரிய இளைஞர் எழுநூறு கிலோ என்று போட்டிருக்கிறார். திமிங்கிலமே முன்பதிவு செய்துவிட்டதா என்று ஹாருமி அக்கா கேட்டாள். கட்டத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ஒன்று கவனித்தேன். முதல் நாட்களில் ஐந்து மணிக்கே அழுத்திவிடுவார்கள். இப்போது நாலு பேரும் கடைசி நிமிடம் வரை காத்திருக்கிறார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் பெயருக்கு எதிரே என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே. இன்று இவரும் அப்படித்தான். ஒளியில் முகம் மட்டும் தெரிந்தது.

என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். காற்றைப் பார்க்கிறேன் என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது.

ஜனவரி 27, செவ்வாய்

இன்று யாருமே எதையும் அழுத்தவில்லை. நாலு பெயருக்கும் எதிரே வெறுமை. அதனால் நாலு படகும் போயின.

எங்கள் விதியில் எழுதியிருக்கும் அலை உயரத்தைக் கடல் தாண்டவில்லை. அதற்குக் கீழே என்றால் கேப்டன் பொறுப்பு. ஆனால் இப்படிப்பட்ட நாளில் சுவரில் நின்ற காலத்தில் ஒரு படகும் போயிருக்காது, அது எனக்கே தெரியும். பாதி ஆட்கள் வாந்தி. ஹாருமி அக்கா படகைக் கட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள். இவர் குளித்துவிட்டு வந்து, போயிருக்கக் கூடாது என்றார். பின்னே ஏன் அழுத்தவில்லை என்றேன். "மத்தவங்க போறாங்களே" என்றார். மற்றவர்களும் அதைத்தானே சொல்வார்கள்?

முதலில் வேண்டாம் என்பவர் பயந்தாங்கொள்ளி. அவருடைய ஆட்களும் அடுத்த படகுக்குப் போய்விடுவார்கள். இதைச் செய்து கொடுத்தது நான். சரி செய்ய வேண்டும். இந்த வாரம் முழுக்கத் தைவான் குழுக்கள், அவர்களுக்கான செய்திகளில் ஆயிரம் திருத்தம். அடுத்த வாரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பிப்ரவரி 4, புதன்

இவர் படகில் ஒரு அம்மாவுக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது.

துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் குட்டித்தீவைத் தாண்டி வெளிக்கடலில் திரும்பும்போது படகு ஒரு அலை மேல் ஏறி அப்படியே விழுந்திருக்கிறது. அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இதோகாவா என்று பெயர், நாகோயாவிலிருந்து தங்கையோடு வந்தவர். ஹெலிகாப்டர் வந்து நாஹாவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது. மாத்தயோஷி தன் ஆட்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து இவரோடு சேர்ந்து அந்த அம்மாவைப் படுக்கவைத்த பலகையைப் பிடித்துக் கரையேற்றினார்.

இன்றும் நாலு பெயருக்கும் எதிரே ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் என்று நான்தான் எழுதியிருக்கிறேன், மேலே.

பிப்ரவரி 5, வியாழன்

கடலோரக் காவல் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். எங்கள் படகு மறு உத்தரவு வரை கட்டிக் கிடக்கும்.

பிப்ரவரி 6, வெள்ளி

இருவரும் இனிப்புப் பெட்டியோடு நாஹாவுக்குப் போனோம். இதோகாவா அம்மாவுக்குக் கால் நன்றாக அசைகிறது, ஆனால் மூன்று மாதம் இடுப்புப் பட்டி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவர் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா கோபப்படவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்குக் காலைல போக வேண்டாம்னு உங்களுக்குத் தோணுச்சா?"

"தோணுச்சு."

"அப்புறம் ஏன் போனீங்க?"

இவர் இன்னொரு தடவை குனிந்தார். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும் கப்பலில் இவர் மேல்தளத்திலேயே நின்றார், குளிரில். எனக்குப் பதில் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிப்ரவரி 8, ஞாயிறு

சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சண்டை போட்டதில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். தோணுச்சுன்னா அழுத்த வேண்டியதுதானே, ஒரு விரல்தானே என்றேன். இவர் சட்டென்று கத்தினார்.

"விரல் அது மேலதான்டி இருந்துச்சு! நாலு பேரோட பேரு, எதுலயும் ஒண்ணும் இல்ல. நான் அழுத்தினா என் பேரு மட்டும் நிக்கும். சுவத்துல நின்னப்போ யாரு பேரும் நிக்கலையே."

நான் என்ன பண்ணுவேன்? எல்லாரும் கேட்டுத்தானே செஞ்சேன்? பேர் எல்லாருக்கும் தெரியணும்னு நானா ஆசைப்பட்டேன்? — ஆசைப்பட்டேன். திரையில் நாலு பெயரும் நேரமும் வரிசையாக வருவது அழகாக இருந்தது. அந்தச் சுவரும் டப்பாக் காப்பியும் எனக்கு வெறும் சோம்பேறித்தனமாகத் தெரிந்தன. அங்கே நின்றே அவர்கள் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இனிமேல் கடலுக்கே போகப்போவதில்லை, படகை விற்றுவிடலாம் என்று படுக்கும்போது சொன்னார். அலைக்குப் பயமில்லையாம். இன்னொரு காலையிலும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போய்விடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறதாம். இவருக்குப் படகை விட்டால் வேறு என்ன தெரியும்? நான் அழுதேன்.

பிப்ரவரி 11, புதன்

மீனவர் சங்கத்து அறையில் கூட்டம் போட்டேன். நாலு கேப்டன்களும் நானும். மறுபடி சுவருக்கே போய்விடலாமா என்று முதலில் கேட்டேன். யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மணிக்குள் செய்தி வந்துவிடும் என்று விடுதிகளும் விருந்தினர்களும் பழகிவிட்டார்கள், தாங்களும் பழகிவிட்டோம் என்றார்கள்.

அப்புறம் நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு பொத்தான், "வேண்டாம்". நாலு பேரில் யார் அழுத்தினாலும் அன்றைக்குத் துறைமுகமே மூடல், நாலு படகும் போகாது. ஆட்களை அடுத்த படகுக்கு மாற்றுவதும் கிடையாது. அழுத்தியவர் பெயர் வராது.

எதிர்பார்த்தபடி மாத்தயோஷிதான் எகிறினார். "ஒருத்தருக்கு வயித்து வலின்னா நாலு படகும் சும்மா கிடக்கணுமா?"

ஹாருமி அக்கா டீயைக் குடித்துக்கொண்டே, "உனக்கு வயித்து வலி வந்தா எனக்கும் லீவு. எனக்குக் கசக்குமா என்ன?" என்றாள்.

ஸென்கிச்சி அண்ணன் சிரித்தார். மாத்தயோஷி சிரிக்கவில்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அன்று அவரும் வேண்டாம் அழுத்தத்தான் போனைக் கையில் எடுத்தாராம். அதற்குள் மூன்று படகின் ஆட்களும் அவர் பெயருக்குக் கீழே வந்து விழுந்துவிட்டார்களாம்.

"அத்தனை பேரையும் என் தலைல கட்டிட்டீங்க. நான் எப்படித் திரும்புறது? குட்டித்தீவு வரைக்கும் பயந்துகிட்டேதான் போனேன், தெரியுமா? அதை மறைக்கத்தான் உங்களைக் காய்ச்சலான்னு கேட்டேன்."

கடைசி வாக்கியம் இவரைப் பார்த்து. இவர் அவர் கோப்பையில் டீ ஊற்றினார்.

அப்புறமும் மாத்தயோஷி என்னை விடவில்லை. "பேரு எங்களுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும்ல? எல்லாம் உன் மெஷின்லதானே இருக்கும்? நீ வீட்ல போய்ச் சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்?" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

பிப்ரவரி 13, வெள்ளி

யார் எப்போது எதைச் செய்தார்கள் என்று எழுதி வைக்காத மென்பொருளை என் தொழிலில் யாரும் மதிக்க மாட்டார்கள். ஃபுகுவோகாவில் வேலை பார்த்தபோது இதற்காகவே ஒரு பையனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

இன்று அப்படி ஒன்றைத்தான் நானே எழுதினேன். "வேண்டாம்" வந்தால் துறைமுகம் மூடல் என்பது மட்டும் பதியும். எந்தப் போனிலிருந்து, எப்போது என்பது எங்கும் இருக்காது. எனக்குக்கூடத் தெரியாது. எழுதி முடித்துவிட்டு ஹாருமி அக்காவையும் மாத்தயோஷியையும் கூப்பிட்டு, மாற்றி மாற்றி அழுத்தச் சொல்லி, கண்டுபிடிக்க முடிகிறதா என்று நானே தேடினேன். முடியவில்லை. மாத்தயோஷி எழுந்து போகும்போது என் மேஜையில் ஒரு டப்பாக் காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 20, வெள்ளி

படகுக்கு அனுமதி திரும்ப வந்தது. முன்வரிசை இருக்கைகளைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். இவர் அனுமதி வருவதற்கு முன்பே கழற்றிவிட்டார். விற்பது பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

துறைமுகம் மூடல். பயங்கரக் காற்று, பெரிய கப்பலே வரவில்லை. இதெல்லாம் ஒரு சோதனையா? இன்றைக்கு யாராக இருந்தாலும் அழுத்தியிருப்பார்கள்.

மார்ச் 3, செவ்வாய்

இதோகாவா அம்மாவிடமிருந்து அட்டை வந்தது. பட்டியைக் கட்டிக்கொண்டு சமைக்கிறாராம். இவர் அதைப் படித்துவிட்டுப் படகுக்குப் போய்ச் சாயங்காலம் வரை எதையோ கழுவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 14, சனி

பருவத்திலேயே அதிகக் கூட்டமான நாள், நாலு படகும் நிரம்பியிருந்தன. வானிலை அறிக்கை மதியத்துக்கு மேல் காற்று திரும்பலாம் என்று மட்டும் சொல்லியிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் திரையில் துறைமுகம் மூடல்.

காற்று திரும்பவே இல்லை. நாள் முழுக்க ஒரு சுருக்கம்கூட இல்லாத கடல். அலைத்தடுப்புச் சுவரிலிருந்தே திமிங்கிலம் மூச்சு விடுவது தெரிந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். யாரோ தப்புக் கணக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் நாலு வீட்டுக்கும் ஒரு சனிக்கிழமை போயிற்று.

காலைச் சாப்பாட்டில் இவர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். இவராக இருக்குமோ? விடிவதற்கு முன் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார், ஆனால் அது தினமும்தான். வாய் வரை வந்தது. இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார்.

மதியம் படகுகளுக்குப் பக்கத்தில் நாலு பேரும் கவிழ்த்துப் போட்ட பெட்டிகளில் உட்கார்ந்து, மாவில் தோய்த்துப் பொரித்த மீன் தெம்புரா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பேஸ்பால் பேசினார்கள். கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போது ஒஸாகாவிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் நேரே எங்களிடம் வந்தார். பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதே அரிது, இந்தக் கடலைப் பார்த்தால் தொட்டில் குழந்தையைக்கூடக் கூட்டிப்போகலாம் போலிருக்கிறது, இதைப் போய் நிறுத்தியது யார் என்று கேட்டார். அவர் கோபத்தில் தப்பே இல்லை.

மாத்தயோஷி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"நாங்கதாங்க," என்றார். தலை குனிந்து வணங்கினார்.

மற்ற மூன்று பேரும் எழுந்து அதே மாதிரி குனிந்தார்கள். இவரும்தான். நான் அந்தக் குடும்பத்தை நாளைக்கு மாற்றிக் கொடுத்தேன்.