சட்டத்துக்கு நாங்கள் ஒரே ஆள்

ஓரிகன் மாநிலம்
செப்டம்பர், ஞாயிறு

அன்புள்ள மார்னி,

நான் நலம், முழங்கால் தவிர. அப்பாவும் நலம் என்றே மாடியிலிருந்து வரும் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். நியூசிலாந்தில் உனக்குக் குளிர் விட்டிருக்கும். நன்றாக இரு.

நிலத்தை விற்றுவிடு என்று எழுதியிருந்தாய். விற்க மாட்டேன். வரி அலுவலகம் சொல்வது இதுதான்: எனக்குப் பல் மருத்துவமனையில் சம்பளம் வருகிறது, கிறிஸ்துமஸ் மரத் தோட்டம் பக்கத் தொழில், அதில் நான் பணம் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவள், ஆகவே தோட்டத்து நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவள். நான். கழிக்காவிட்டால் தோட்டம் போய்விடும், அதுவும் முதல் மரங்கள் வெட்டுக்கு வரும் வருஷத்தில். மரம் தானா வளருது, நீங்க என்னம்மா பண்றீங்க என்று அதிகாரி தொலைபேசியில் கேட்டான். தானா வளந்தா துடைப்பம் மாதிரி நிக்கும் தம்பி, கூம்பா நிக்கிறது என் கத்தியால என்றேன். சிரிக்கவில்லை. வருஷத்துக்கு ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்க வேண்டுமாம். நான் எட்டவில்லை. கூட்டிச் சொல்லவும் மாட்டேன். கணக்குப் பார்க்கும் ப்ரூயிட் அம்மாள்தான், உன் புருஷன் உழைச்சதும் சேரும்டி, சட்டத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள் என்றாள்.

ஒரே ஆள். என்னைக் கேட்காமல் டிராக்டரை விற்ற நாளிலிருந்து உன் அப்பா மாடியில், நான் கீழே. ஆனால் டிராக்டர் போனதால் மரங்களுக்கு நடுவே புல்லை அவரே தள்ளு இயந்திரத்தால்தான் வெட்டினார், கோடை முழுக்க, சனி ஞாயிறு விடாமல். எனக்குத் தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை. மாடி ஏறி, அந்த மணிக்கணக்கை எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். ஊர் பூரா என்னைச் சும்மா உக்காந்திருக்கிறவன்னு சொன்னியே, இப்ப வேலை போட்டுக் கொடுக்கிறியா என்றார். வேலை இல்ல, சாட்சி என்றேன். கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஹாஸ்க்கும் எழுதித் தந்தார், அந்தப் புல்வெட்டும் சத்தம் தன் சனிக்கிழமைகளை எல்லாம் கெடுத்ததாக, மிகக் கோபமாக. அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நாளை ஹாஸ்க்கோடு மூவரும் வரி அலுவலகத்துக்குப் போகிறோம். ஒரே காரில். உன் அப்பா பின்சீட்டில்.

அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு. அதிலும் மறுத்தால் அதற்கும் மேலே.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ கிளம்பும் முன் நட்ட வரிசை உன் உயரத்தைத் தாண்டிவிட்டது, நவம்பரில் வெட்டுகிறோம். மகள் உழைப்பது சட்டத்தில் சேராதாம், கேட்டுவிட்டேன். சேராவிட்டால் போகட்டும், நீ வா.

எதற்கும் வளையாமல் நல்லபடி இரு கண்ணு.

உட்காராத உன் அம்மா,
கிரேட்டா