எங்கே வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை

மதினி,

இன்று காலை ஏலக்காய் பொறுக்கும் கூடத்தில் புதுச் சாக்கு ஒன்றை அவிழ்த்தார்கள். காயின் மணமும் சணல் வாடையும் சேர்ந்து எழும்பியது. அது உன் சேலையின் மணம். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போய் இரண்டு சீசன் கடந்துவிட்டது. யாரிடம் சொல்ல? உனக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், என் மகள் செல்வி செத்த பிறகுதான் நாம் நெருங்கினோம். அதுவரை நீ எனக்கு வாய்முறைக்கு மட்டும்தான் மதினி. அவள் செத்த அன்று எனக்குக் காய்ச்சல். "நா போயிட்டு வர்றேன், நீ படும்மா" என்று எனக்குப் பதிலாகக் காய் எடுக்க எஸ்டேட் ஜீப்பில் ஏறினாள். போடிமெட்டு வளைவில் ஜீப்பு உருண்டது. பதினாறு வயது. எனக்கு அழ வரவில்லை. தோள்கள் இரண்டும் காது வரை ஏறி அப்படியே இறுகிவிட்டன. தாடை கிட்டித்துப்போய்க் கஞ்சிகூட இறங்கவில்லை. ஊசி போட்டார்கள், திருநீறு போட்டார்கள். செத்தால் போதும் என்று மூன்று மாதம் கிடந்தேன்.

'அழுதுரு' என்று சொல்லாமல் வந்தவள் நீ ஒருத்திதான். "எங்கன வலிக்குது ஏத்தா?" என்றாய். நெஞ்சைக் காட்டினேன். உள்ளங்கையை அங்கே வைத்தாய். மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தபோது ஒரு மலையாள நர்ஸ் சேச்சியிடம் கற்றதாம். "துக்கம் மனசுல மட்டுமா இருக்கு? சதைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிரும். கைய வச்சாத்தான் வெளிய வரும்" என்பாய். தினமும் உன் சோலி முடிந்ததும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்காருவோம். நீ விடும் மூச்சு என் முதுகில் ஏறி இறங்கும். கொஞ்ச நாளில் என் மூச்சும் அதன் கூடவே போகப் பழகியது.

ஒருநாள் கூடத்துச் சாக்குகளுக்கு நடுவில் என்னை எழுந்து நிற்கச் சொன்னாய். என் கைகளுக்கு எதிரே உன் கைகளை வைத்தாய்.

"தள்ளு."

"என்னத்த மதினி?"

"அந்த ஜீப்பத் தள்ளு. அன்னைக்கு நீ அங்க நின்னுருந்தா என்ன செஞ்சிருப்ப? அதச் செய்யி."

தள்ளினேன். நீ அசையவில்லை. உடம்பு முழுவதையும் கொடுத்துத் தள்ளினேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. "அவள நாந்தானே அனுப்புனேன்!" இருவருமாகச் சாக்குகள் மேல் சரிந்தோம். நீ பிடியை விடவில்லை. பொழுது சாயும் வரை அழுதேன். வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

அதன் பிறகு பல வருஷம் அருகருகே உட்கார்ந்து காய் பொறுக்கினோம். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தேன். முகம் வெளுத்ததையும் பார்த்தேன். "வயசாகுதுல்ல" என்று சிரித்தாய், நானும் சிரித்தேன். உன் புருஷன் விட்டுப்போனது, வயிற்றில் பிள்ளை தங்காமல் போனது எல்லாம் ஊர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் வாயால் நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் பாரத்தை வாங்கவே பிறந்தவள் என்று நினைத்துவிட்டேனோ?

கர்ப்பப்பையில் கட்டி, முற்றிவிட்டது என்று மதுரையில் சொன்னபோது நீ பாதியாகிப் போயிருந்தாய். கட்டில் ஓரம் உட்கார்ந்து உன் பாதங்களைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டேன்.

"எங்கன வலிக்குது மதினி?"

என்னைப் பார்த்தாய். முகத்தில் கோபமில்லை.

"இப்பவாச்சும் கேட்டியே ஏத்தா."

என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாய். கல் போல இருந்தது. உன் மூச்சோடு என் மூச்சைச் சேர்க்கப் பார்த்தேன். உன்னுடையது எட்டாமல் எட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் மதியம் நின்றுவிட்டது.

இப்போது யாரைப் பார்த்தாலும், எழும்போது எந்தப் பக்கம் கை ஊன்றுகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கேட்டும் விடுகிறேன், கையும் வைக்கிறேன். சில பேர் சொல்கிறார்கள். சில பேர் கையைத் தட்டிவிடுகிறார்கள். ஆனால் நீ சொன்ன அந்த "இப்பவாச்சும்" எனக்குள்ளேயே கிடக்கிறது மதினி. அது கிடக்கும் இடத்துக்கு இந்த ஊரில் எந்தக் கையும் எட்டவில்லை.