இரண்டு பேருக்கு ஒரு கோட்டு

இன்று காலை லாயத்து வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பிரித்ததுமே புது ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. எட்டிப் பார்க்காமலேயே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது. குதிரை ஏறுகிறவர்கள் விழுந்தால் விலா நொறுங்காமல் இருக்கப் போடும் கோட்டுதான். கை இல்லாமல், உள்ளே கட்டி கட்டியாக ஃபோம் வைத்துத் தைத்த கறுப்புக் கோட்டு. நீ கடைசியாகப் போட்டிருந்தாயே, அதே ஜாதி.

இந்த முறை லாயத்து ஆட்களுக்கு ஆளுக்கு ஒன்றாம். கொண்டுவந்த விற்பனைக்காரத் தம்பி அளவு நாடாவை என் கையில் கொடுத்துவிட்டு மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டான். "நெஞ்சைச் சுத்தி ஒண்ணு, இடுப்பைச் சுத்தி ஒண்ணு எடுங்கக்கா. முதுகு நீளமும் வேணும். அவங்கவங்க அளவுக்குத்தான் போடணும். அடுத்தவங்களோடதைப் போடவே கூடாது" என்றான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நான் நாடாவைப் பிடித்துக்கொண்டே உன்னை வாய்க்குள் திட்டினேன். ஆமாம், உன்னைத்தான். செத்தவளைத் திட்டக்கூடாது என்றால் சாகாமல் இருந்திருக்க வேண்டும்.

தாயில்பட்டி பயராபீசில் நாம் பட்டாசு செய்த காலத்தில் நீ மருந்து செலுத்தும் அறையில் இருந்தாய், நான் சரம் பின்னும் கொட்டகையில் இருந்தேன். லைசென்ஸ் தகராறில் கம்பெனியை இழுத்துப் பூட்டியபோது, ஆமத்தூர்ப் பக்கம் ஒரு முதலாளி குதிரை வாங்கிக் கட்டியிருக்கிறார், சாணி அள்ள ஆள் கேட்கிறார் என்று சேதி கொண்டுவந்தவளும் நீதான். பேத்திகளுக்காக வாங்கிய குதிரை. அப்புறம் மற்ற முதலாளிமார் வீட்டுப் பிள்ளைகளும் வரத் தொடங்கி, அது குதிரைப் பள்ளிக்கூடமே ஆகிவிட்டது.

சாணி அள்ளப் போனவள் நீ எப்படிக் குதிரை மேல் ஏறினாய் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சுடிதார் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கொள்ளு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் கால் வைத்து ஏறினாய். சொல்லிக்கொடுக்க வந்திருந்த மாஸ்டர் பார்த்துவிட்டார். வைவார் என்று நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவரோ, "இந்தம்மா உக்கார்ற மாதிரி இங்க ஒருத்தரும் உக்காரல" என்றார். அன்றிலிருந்து புதுக் குதிரை எது வந்தாலும் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் நாம் ஏறிப் பழக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. முதலில் நீ, அப்புறம் உன்னைப் பார்த்து நான். உதறுவதும் கடிப்பதும் எல்லாம் நம்மோடு முடிந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும்போது அது பசுவாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கோட்டுகள் இருந்தன, கண்ணாடிக் கதவு போட்ட அறையில் வரிசையாக, நிறம் நிறமாகத் தொங்கின. பழகிய குதிரையில் ஏறுகிற பிள்ளைக்குக் கோட்டு, பழகாத குதிரையில் ஏறுகிற நமக்குத் துப்பட்டா. நான் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. நீ நேரே மேனேஜரிடம் போய் நின்றாய்.

"அந்தப் புள்ளைகளுக்கு விலா இருக்கு, எங்களுக்கு இல்லையாக்கும்?"

அந்த மனுசன் முதலாளியிடம் சொல்கிறேன் என்றார். சொன்னாரோ சொல்லவில்லையோ, மாசங்கள் போயின. நீ விடவில்லை. போகும்போதும் வரும்போதும் விலாவைத் தட்டித் தட்டிக் காட்டினாய். கடைசியில் ஒருநாள், "சரி, பொம்பளைகளுக்குப் பொதுவா ஒண்ணு எடுத்துக்கோங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா ஏறப்போறீக?" என்றார். கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது. நாம் இருவரும் சந்தோஷப்பட்டோம், அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கோட்டுக்கு என்ன சந்தோஷம்! பால் பாயசம் குடித்தது மாதிரி வந்தோம்.

எடுக்கிற நாளில்தான் சங்கடம். நீ கொத்தவரங்காய். நானோ பிள்ளை பெற்று உப்பியிருந்தேன். சின்ன அளவு உனக்குத் தைத்துவைத்தது மாதிரி இருந்தது, எனக்குத் தோளில்கூட இறங்கவில்லை. பெரிய அளவு எனக்குச் சரியாக இருந்தது. நீ போட்டால் நெஞ்சுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகலாம். அன்றைக்கு வந்த விற்பனைக்காரர் வயசாளி. பொறுமையாகத்தான் சொன்னார்: "இது உடம்போட ஒட்டி இருக்கணும்மா. குனிஞ்சு நிமிர்ந்தா நகரக் கூடாது. லூசா இருந்தா விழும்போது மேல ஏறிடும், கீழ் விலா வெளியே வந்துடும்."

நீ சிரித்தாய். "அண்ணாச்சி, நாங்க பயராபீஸ்காரவுக. அங்கன இறுக்கிப் போட்டவ எவ பொழைச்சா?"

அது கேலி இல்லை என்று எனக்குத் தெரியும். நமக்குச் சொல்லித் தந்த பாதுகாப்பு அவ்வளவுதான். மருந்து அறைக்கு நாலு பக்கமும் வாசல். வாசலைப் பார்த்தே உட்கார வேண்டும். கொலுசு கூடாது, ஊக்கு கூடாது, நைலான் கூடாது. தொளதொளவென்று பருத்தி போட வேண்டும், பற்றிக்கொண்டால் உரித்து எறிந்துவிட்டு ஓட வேண்டும். ஓட்டம்தான் நமக்குக் கவசம். அந்தப் பாடத்தை நீ குதிரை மேலும் கொண்டுபோனாய். அங்கே ஓடுவது குதிரை, நீ இல்லை என்பது உன் புத்திக்கு எட்டவில்லை. என் புத்திக்கு மட்டும் எட்டியதா? எனக்கும் நீ சொன்னது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சின்னதையே எடுப்போம் புள்ள. நான் புதுக் குதிரையில ஏறலைன்னா போச்சு" என்றேன்.

"ஏறலைன்னா வேலையில வச்சிருப்பாகளா?" என்றாய். "உனக்குக் கைப்பிள்ளை இருக்குடி. உனக்குச் சேர்றதை எடுப்போம். எனக்கென்ன, லூசா இருந்தா நல்லதுதான், கழட்டிப் போட்டு ஓடிருவேன்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தீபாவளிச் சீசன் சூட்டில் அந்தச் செவலைக் குதிரை வந்தது. பக்கத்துக் கம்பெனிகளில் வெடியைக் கொளுத்திப் பார்ப்பார்கள், தரை அதிரும். செவலை காதைக்கூட அசைக்காது. "வெடிக்கே அசராத பய, இவன் பசுடி" என்று அதன் கழுத்தில் தட்டினாய். வெடிக்கு அசராதது எதற்கும் அசராது என்று நம் ஊரில் பிறந்தவர்கள்தான் நம்புவார்கள். நானும் நம்பினேன், மாஸ்டரும் நம்பினார். நீ அதில் ஏறி ஒரு சுற்று வந்தபோது வேலியோரத்துக் கருவேல மரத்திலிருந்து ஒரு மயில் படபடவென்று இறங்கியது. அவ்வளவுதான். செவலை பக்கவாட்டில் துள்ளியது, நீ தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் போய் விழுந்தாய்.

ஓடிவந்து பார்த்தேன். கோட்டு உன் மோவாய் வரை ஏறிக் கிடந்தது. அந்தப் பெரியவர் சொன்ன மாதிரியே இடது விலா வெளியே கிடந்தது. நீ எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, குதிரையைப் பிடி" என்றாய். தண்ணீர் குடித்தாய். நடந்தும் காட்டினாய். பயராபீசில் எழுந்து நடந்து வந்தவள் பிழைத்தவள். ஆகவே எல்லோரும் அப்பாடா என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். பொழுது சாய்கிற நேரத்தில் உன் உதடு வெளுத்தது. விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டிவிட்டது என்றார்கள். வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லையேடி. உன் அண்ணன் என்னைப் பார்த்து அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அழுகைச் சத்தம் அடங்குவதற்குள் மேனேஜர் உன் அண்ணனிடம் சொன்னார்: "கோட்டு குடுத்திருந்தோம். அதுதான் சரியாப் போடல." குடுத்திருந்தோம்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லோரும் கை கழுவினார்கள். ஊரும் அப்படியே பேசியது. அவளுக்கு அம்புட்டு அலட்சியம் என்றார்கள். விலாவைத் தட்டித் தட்டிக் கோட்டு கேட்டவளுக்கு அலட்சியமாம். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

இன்றைக்குத்தான் அந்தச் சத்தம் வந்தது. பெட்டி பிரித்த கையோடு, புதிதாகச் சேர வந்த பிள்ளைகளையும் அம்மாமாரையும் நிற்கவைத்து மேனேஜர் கோட்டுப் போடும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னையே மாதிரிக்கு நிறுத்தி, பட்டையை இழுத்துக் காட்டினார். "இப்படி இறுக்கமாப் போடணும். இங்க முன்ன வேலை பார்த்த ஒரு பொம்பளை லூசாப் போட்டுட்டு ஏறி, விழுந்து, உயிரே போயிருச்சு. சொன்னாக் கேக்கல." அம்மாமார் 'ச்சு' கொட்டினார்கள். உன் சாவு அவருக்கு ஒரு பாடம் ஆகிவிட்டது, பார்த்தாயா?

"லூசாப் போடல சார்" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு குடுத்தீக. அது என் அளவு. அவ என் கோட்டைப் போட்டுக்கிட்டுச் செத்தா."

விற்பனைக்காரத் தம்பி தரையைப் பார்த்தான். ஒரு அம்மா தன் மகளின் கோட்டுக்குள் விரலை விட்டு இறுக்கம் பார்த்தாள். அவர்கள் போனதும் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அதான் இப்ப ஆளுக்கு ஒண்ணு குடுத்தாச்சுல்ல. இன்னும் எதுக்குப் பழசைக் கிளறுறே?"

"ஆளுக்கு ஒண்ணு குடுக்க ஒரு ஆளு போக வேண்டியிருக்கே சார்."

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றுதான் சொன்னேன். உன்னைப் போல வெடுக்கென்று பேச எனக்கு வராது, வீட்டில் பிள்ளை இருக்கிறது. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த ஜென்மத்தில் தீராது. எனக்குச் சேர்வதை எடுத்து, எனக்கு உயிரைக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றி சொல்லக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டாய். எனக்கு வாய்த்த இந்த உயிரை நான் என்ன செய்ய? பிள்ளைக்குச் சோறு போடலாம், குதிரை ஏறலாம், இன்னொன்றும் செய்யலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம் வருகிறது. மேனேஜர் மறுபடியும் என்னை நிறுத்திவைத்துப் பட்டையை இழுப்பார், உன் கதையை ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும்டி. முடிப்பது நான்.