எதிர்காற்றுக்கு அஞ்சாம் நம்பர்

1987 ஜூன் 14, ஞாயிறு. சுயாக்.

காலையில் கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழியும் ஆடினோம். தென்கிழக்குக் காற்று, குளிர். நாலாவது குழியில் என் பந்து வழக்கம்போல் ஓடைக்குள். ரொஜே "லெ வான், மிஸ்யே பாலா, லெ வான்" என்று தோளைத் தட்டினார். காற்றாம். காற்று அவருக்கும்தான் அடித்தது. அவர் சர்க்கரை ஆலையின் என்ஜினியர், என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்ட புண்ணியவான். பருத்த உடம்பு. ஏழாம் நம்பர் மட்டையிலேயே ஓடையைத் தாண்டிவிடுகிறார்.

விஷயம் இவ்வளவுதான். காற்றில்லாத நாளில் அங்கிருந்து கொடி நட்ட புல்தரைக்கு ஏழு போதும். மட்டையின் நம்பர் குறையக் குறையப் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். எதிர்காற்றில் அஞ்சு எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். ரொஜே ஏழு எடுக்கும்போது நான் அஞ்சு எடுக்க மாட்டேன், இதுவும் தெரியும். அஞ்சு எடுத்தால் வலு இல்லாதவன் என்று அர்த்தமாம். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

கனகமும் ஆடினாள். நாலாம் நம்பரை எடுத்து நிதானமாக வீசினாள், ஈரத்துணி உதறுகிற வேகம்கூட இல்லை. பந்து புல்தரையில் போய் நின்றது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார் என்று, இரண்டு வருஷம் முன்னால் என் பையைத் தள்ளிக்கொண்டு கூட வந்தவள்.

"ஏனுங்க, அஞ்சு எடுத்து மெதுவா வீசிப் பாருங்களேன்."

"நான் கேட்டனா?" என்றேன்.

ஜூன் 17.

எங்கள் நூல் ஆலையில் கருநீலச் சாயம் சரியாக வந்துவிட்டது. பிரான்சுக்குப் போகிற ஸ்வெட்டர் நூல். வேறொன்றும் இல்லை.

ஜூன் 28, ஞாயிறு.

ரொஜே மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. நவம்பரில் பக்கத்து ரெயூனியன் தீவோடு பெண்கள் போட்டி. கிளப்பிலிருந்து நாலு பேர் போகிறார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்குக் கனகம், அல்லது ஹோட்டல் மானேஜரின் மனைவி மொனிக். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கிளப் போட்டியில் யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அவர்கள் போகலாம்.

வீட்டுக்கு வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க சொல்லித்தர ஆரம்பிச்சிருவீங்க."

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

(சாப்பிட்ட பிறகு மறுபடி எழுதுகிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.)

ஜூலை 5.

கனகம் தினமும் மத்தியானம் தனியாகப் போய்ப் பழகுகிறாள். ஆலை வேன் பக்கத்து ஊரான சுரினாமிலிருந்து திரும்பும்போது தூரத்தில் அவள் தெரிகிறாள். ஒரே இடத்திலிருந்து ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறாள். டிரைவர் ஆல்பெர் ஹாரன் அடிக்கிறான். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"இந்த ஊருக்கு வந்து எனக்குன்னு ஒரு காயிதம் வந்ததில்லீங்க. லைட் பில்லு உங்க பேரு. கோயில் பத்திரிகை உங்க பேரு. ஆஸ்பத்திரி சீட்டுல கூட 'மதாம் பாலா'ன்னுதான் எழுதறாங்க. அந்தப் பட்டியல்ல என் பேரு இருக்கோணும், அவ்வளவுதான்."

கோயமுத்தூரில் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தாள். இங்கே வேலை பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. மூன்று வருஷம்தான் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். இது நாலாவது வருஷம்.



ஜூலை 19, ஞாயிறு.

கனகம் கொடியைப் பார்ப்பதே இல்லை என்று இன்றுதான் கவனித்தேன். நாலாவது குழியில் நாங்கள் நிற்கும் இடமும் கொடி நட்ட இடமும் பள்ளம், மேட்டின் மறைப்பில் காற்று தெரியாது. பந்து மேலே ஏறிய பிறகுதான் காற்றிடம் மாட்டும். அவள் ஓடைக்கு அந்தப் பக்கம், இன்னும் வெட்டாத கரும்பில் பூ எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துவிட்டு மட்டையில் கை வைக்கிறாள்.

நான் ஏழு எடுத்தேன். இன்னும் பலமாக அடித்தேன். பலமாக அடித்தால் பந்து இன்னும் உயரம் ஏறுகிறது, உயர ஏறினால் காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. ஓடை.

"நூலை இப்படித்தான் அடிச்சு அடிச்சுச் சாயம் போடுவீங்களா?" என்றாள்.

முன்பு ஒரு நாள் சாயப் பிரிவைச் சுற்றிக்காட்டியபோது நானே சொன்னதுதான். கம்பளி நூலை அவசரப்படுத்தக் கூடாது, சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும், போட்டு அலசினால் சுருங்கிப் போகும். இருபது வருஷமாக நூலிடம் பொறுமையாக இருக்கிறேன்.

நூல் வேறு, பந்து வேறு என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் சுடச்சுடக் கத்தோ பிமா வாங்கினோம், நம் ஊர்ப் பருப்பு வடையின் தம்பி. நடந்துகொண்டே தின்றோம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு.

மழை. ஆடவில்லை. விளையாட்டின் சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். எனக்குச் சட்டம் பிடிக்கும். எல்லாம் எழுதியிருக்கிறது, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒன்றைக் கனகத்துக்கு வாசித்துக் காட்டினேன். போட்டியில் ஒருவர் எந்த மட்டை எடுக்கலாம் என்று இன்னொரு ஆட்டக்காரர் சொல்லக் கூடாது. கேட்கவும் கூடாது. கேட்டவருக்கு இரண்டு அடி தண்டனை, சொன்னவருக்கும் இரண்டு. பையைச் சுமந்து வருகிறவரை மட்டும் கேட்கலாம்.

"அன்னிக்கு நீ பாட்டுக்கு 'அஞ்சு எடுங்க'ன்னு ஆரம்பிச்சிராதே."

"நீங்க கேக்காம இருந்தாச் செரி" என்று சிரித்தாள்.

நானா? கேட்பேனா?

ஆகஸ்ட் 30, ஞாயிறு.

வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஒரு ஆள் வரவில்லை என்று என்னைக் கனகத்தின் குழுவில் போட்டார்கள். கனகம், நான், டாக்டரின் மனைவி இவெட், வருமான வரி அலுவலகத்து வீரசாமி. இவெட்தான் பெண்கள் அணித் தலைவி. வீரசாமி இந்த ஊர்த் தமிழர். வீட்டில் கிரெயோல், ஆபீசில் பிரெஞ்சு. தமிழில் தேவாரம் பாடுவார், பத்து வரை எண்ணுவார், அவ்வளவுதான்.

ஒன்பது குழியை இரண்டு சுற்று ஆட வேண்டும். முதல் சுற்றில் நாலாவது குழியில் ஏழு எடுத்தேன். ஓடை. கனகம் இன்று ஆடிய மாதிரி நான் அவளைப் பார்த்ததில்லை. மொனிக்கை விட முன்னால் இருக்கிறாள் என்று இடைவேளையில் பேச்சு வந்தது.

இரண்டாவது சுற்று, மறுபடி நாலாவது குழி. காற்று காலையை விடப் பலம். என் கை ஏழின் மேல் இருந்தது. ரொஜே அங்கே இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. தோற்கவும் ஜெயிக்கவும் எனக்கு ஒன்றுமில்லை. என்ன ஆயிற்றோ, கை அந்த இரும்பின் மேல் நிற்க மாட்டேன் என்றது. திரும்பினேன்.

"கனகம், எது?"

"அஞ்சு எடுங்க."

கேட்ட கையோடு வந்துவிட்டது பதில். சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அஞ்சை எடுத்தேன். வேறு என்ன செய்ய? மெதுவாக வீசினேன். பந்து காற்றுக்குக் கீழேயே போய்க் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. இவெட் கை தட்டினாள். இந்த மூன்று வருஷத்தில் நான் அடித்த ஒரே நல்ல அடி.

யாருக்கும் தெரியாது. தமிழில்தான் கேட்டேன், தமிழில்தான் சொன்னாள். அந்தப் புல்வெளியில் அது யாருக்குப் புரியும்? வீரசாமியைப் பார்த்தேன். அவர் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வரை எண்ணத் தெரிந்தவர்.

முடிந்ததும் கனகம் இவெட்டிடம் போய், என் கணக்கில் இரண்டு அடி கூட்டுங்கள் என்றாள். இவெட்டுக்கு விளங்கவில்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லையே என்றாள். வீரசாமி குறுக்கே வந்து, "மோ பா ஃபின் தான் நாஞே, மதாம்" என்றார். என் காதிலும் ஒன்றும் விழவில்லை அம்மா என்று. பெரிய மனசு.

"உங்களுக்கு விழலீங்க. நான் சொன்னது எனக்குத் தெரியுமுங்களே" என்றாள் கனகம், அவருக்கு அவ்வளவு தமிழ் புரியாது என்று தெரிந்தும். இரண்டைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மொனிக் ஒரே ஒரு அடியில் முன்னால்.

எனக்கும் இரண்டு கூட்டினார்கள். என் கணக்கு யாருக்கு வேண்டும்?

ஏன்டா கேட்டே? ரெண்டு வருசமா சொல்லிச் சொல்லிப் பார்த்தாளே, அப்பக் கேட்டியா? கேக்கலாம்னு இருந்த நாளெல்லாம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, கேக்கக் கூடாத ஒத்த நாள்ல போயிக் கேட்டியே — சட்டத்தைப் படிச்சுக் காட்டினவனே நீதானேடா.

ஆகஸ்ட் 31.

கனகம் வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் டிபன் கட்டித் தந்தாள். நான் மன்னிப்பு மாதிரி என்னவோ சொல்ல ஆரம்பித்தேன்.

"நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். ஆளுக்கு ரெண்டு. அதோட செரி."

வேன் வந்துவிட்டது. வாசல் வரை வந்தவள் சொன்னாள்: "நீங்க கேட்டது சந்தோசமாத்தான் இருந்துச்சுங்க. அதனாலதான் வாய் முந்திருச்சு. வேற ஒரு நாள் கேட்டிருக்கலாம்."

ஆலையில் இன்று எதுவும் ஓடவில்லை. எனக்குத்தான்.

செப்டம்பர் 13, ஞாயிறு.

ரொஜேயோடு ஆடினேன். கனகம் வரவில்லை. நாலாவது குழியில் அஞ்சு எடுத்தேன். ரொஜே என் மட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவருடைய பந்து இன்று ஓடையில் விழுந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி உண்டு, மறைக்கவில்லை.

நவம்பர் 20.

நாலு பேரும் ரெயூனியனுக்குக் கிளம்பினார்கள். கனகம் விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். மொனிக்குக்கு வழியில் தின்ன முறுக்கு செய்து கொடுத்திருக்கிறாள். நான் போகவில்லை. என்னால் முடியவில்லை.

1988 பிப்ரவரி 11.

புயல் எச்சரிக்கை, ஆலைக்கு விடுமுறை. ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கக் கேட்கிறார்கள். போன தடவை நானே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னேன்.

"இருக்கலாமா, போயிரலாமா? நீ சொல்லு."

இதைக் கேட்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை.  வெளியே காற்று தகரத்தைப் போட்டு ஆட்டியது.

"ஒரு வருசம் இருக்கலாமுங்க. ஆகஸ்ட்ல மறுபடி ஆடோணும். அப்புறம் போலாம்."

ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

மே 2.

வீரசாமி கோயிலில் என்னைப் பார்த்தார். "மதாம் கனகம் பிராக்டிஸ் பண்றது?" என்றார். அதில் தமிழ் ஒரு சொல்தான். நான் சொல்லிக் கொடுக்கிறேனா என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு.

நான் போட்டியில் பெயர் கொடுக்கவில்லை. கனகத்தின் பையைச் சுமந்தேன். சுமக்கிறவன் வாய் திறக்கலாம், எல்லாம் சட்டப்படி.

இரண்டாவது சுற்றில் நாலாவது குழி. எதிர்காற்று. கரும்புப் பூ ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது. நானும் இப்போது கரும்பைத்தான் பார்க்கிறேன். அவளுக்கு நாலு என்று எனக்குப் பட்டது. தொண்டை வரை வந்துவிட்டது. அவள் திரும்பாமலேயே கையை நீட்டினாள். பையை அவள் பக்கம் சாய்த்தேன். மூன்றை எடுத்தாள்.

மூன்றுதான் சரி.

ரெயூனியனுக்குப் போகும் நாலு பேரில் கனகமும் உண்டு, நவம்பர் வரை இதை யாரும் மாற்ற முடியாது. இவெட் பட்டியலை எழுதும்போது, மதாம் பாலா என்று போடட்டுமா என்று கேட்டாளாம். "கனகம்" என்று இவள் எழுத்துக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 6.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். தபால்காரர் கொடுத்ததில் ஒன்று ரெயூனியன் முத்திரை போட்ட உறை. 'மதாம் கனகம், சுயாக்' என்று தட்டச்சு செய்திருக்கிறது. வேறு பெயர் இல்லை.

இந்த வீட்டுக்கு வரும் எல்லாத் தபாலையும் நான்தான் பிரிப்பேன். இதைப் பிரிக்காமல் சாப்பாட்டு மேஜையில், அவள் உட்காரும் பக்கம் வைத்தேன். டீ போட்டுக் குடித்தேன். அவள் பழகப் போயிருக்கிறாள். நல்ல காற்று, வர நேரமாகும்.