வெள்ளகோவில் கடற்படையும் ஒரு சொட்டு ஆயிலும்

தோப்பும்படி, கொச்சி
3-7-1994

எண்ணெய்ச் சாம்ராஜ்யத்தின் மகாராணி, என் அக்கா பெற்ற பிரவீனா அம்மணிக்கு,

வெள்ளகோவில் கடற்படையின் முதலும் கடைசியுமான தளபதி, உன் மாமன் வெங்கடபதி எழுதுவது. இங்கே நான் சுகம், என்ஜின் சுகம். கடல்தான் ஒரு நிமிஷம் உட்காராமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே நின்றுகொண்டு, ஐஸ் பேக்டரிக்காரர் மேசைமேல் வைத்து எழுதுகிறேன்.

கடலுக்கும் உனக்கும் என்ன மாமா சம்பந்தம் என்று கேட்பாய். உனக்குத் தெரியாதது இல்லை. இருபத்திரண்டு வருஷம் வெள்ளகோவிலில் டீசல் பம்புசெட் பழுது பார்த்தவன். காங்கேயத்திலிருந்து கரூர் வரை எந்தக் கிணற்றில் என்ஜின் இருமினாலும் படுத்த இடத்திலிருந்தே இன்ன நோய் என்று சொன்னவன். இப்போது எல்லாத் தோட்டத்திலும் கரண்டு மோட்டார். ஆறு மாசமாக ஸ்பானரைத் துடைத்துத் துடைத்து, அது பாதியாகத் தேய்ந்துபோய்விட்டது. அப்போதுதான் சந்தியாகு கூப்பிட்டான். கோயமுத்தூர் பம்பு கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த அதே சந்தியாகுதான். அவனும் அவன் மச்சினன் கிளமென்ட்டும் சேர்ந்து மீன்பிடி விசைப்படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கிளமென்ட் குளச்சல்காரன், படகை ஓட்டுவது அவன். என்ஜினைப் பார்த்துக்கொள்ள நான்.

ஆறு சிலிண்டர் அம்மணி. அது ஒரு தரம் தும்மினால் பாலக்காட்டில் தேங்காய் உதிர்கிறது. இந்த மாசம் முழுக்க மீன்பிடிக்கத் தடை, அதனால் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். மாசக் கடைசியில் கடலில் இறங்குகிறோம்.

இப்போது ராஜாங்க ரகசியம் இரண்டு. ஒன்று, உன் ரங்கநாயகி அத்தையிடம் கரையில் ஒர்க்‌ஷாப் வேலை என்று சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். நீ வாயைத் திறக்காதே. இரண்டு, எந்த ஆயில் ஊற்றுவது என்பது. கடைக்காரன் மூன்று டின்னைக் காட்டி மூன்று வேதம் ஓதுகிறான். நம்ம ஊர் பம்புசெட் ஆயில் ஒரு டின் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். விரலில் தேய்த்தால் காங்கேயம் நெய் மாதிரி இருக்கும், நிறமும் மாறாது. வெங்கடபதி என்ஜினில் ஆயில் கறுக்காது என்று படகில் ஏழு பேருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் இது கடல். ஆயில் சோதிக்கிற கம்பெனியில் நீ இருக்கும்போது நான் ஏன் யோசிக்க வேண்டும்? நீயே தேர்ந்தெடு.

இப்படிக்கு,
அலைகள் அஞ்சும்
வெங்கடபதி மாமன்


சரவணம்பட்டி, கோயமுத்தூர்
9-7-1994

அன்புள்ள மாமா,

உங்கள் கடற்படைக்கு வணக்கம். அத்தை நேற்று வந்திருந்தாங்க. மாமா கரையில் பத்திரமாக இருக்கிறார் என்று நானும் சொல்லிவிட்டேன். எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பம்புசெட் ஆயில் வேண்டாம். பம்புசெட் நாலு மணி நேரம் ஓடும், கிணற்றுத் தண்ணீரில் குளிரும், பிறகு தூங்கும். படகு என்ஜின் ராத்திரி பகலாக ஒரு வாரம் பாரம் இழுக்கும். அதோடு டீசலில் கந்தகம் இருக்கிறது. எரியும்போது அது அமிலமாகி, ஆயிலோடு கலந்து இரும்பை அரிக்கும். அந்த அமிலத்தை முறிக்கிற காரம் ஆயிலிலேயே இருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு டின்னில் 'பேஸ் நம்பர்' என்று ஒரு எண் போட்டிருப்பான். படகு என்ஜினுக்கு என்று விற்கிற நாற்பதாம் கிரேடு ஆயிலில், அந்த எண் பன்னிரண்டு இருப்பதாகப் பார்த்து வாங்குங்க. உங்கள் டீசலுக்கு அது போதும். உங்கள் நெய் ஆயிலில் அந்த எண் அநேகமாக ஒன்றுகூட இருக்காது.

இன்னொன்று. நான் சொல்கிற ஆயில் இரண்டே நாளில் கறுத்துவிடும். பதறாதீங்க. அது புகைக்கரியைக் கழுவித் தன்னோடு சுமந்துகொண்டு போகிறது என்று அர்த்தம். அழுக்கு ஆயிலில் இருந்தால் வடிக்கும்போது வெளியே போய்விடும். என்ஜினில் ஒட்டினால் போகாது. அதனால் அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்க.

எங்கள் லேபிலிருந்து வட்டமான பில்டர் பேப்பர் பத்து வைத்திருக்கிறேன். என்ஜின் சூடாக இருக்கும்போது அளவுக்கம்பியிலிருந்து ஒரு சொட்டு அதில் வையுங்க. காய்ந்ததும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஓரத்தில் எழுதி அனுப்புங்க. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பிரவீனா


தோப்பும்படி
18-8-1994

மகாராணிக்குத் தளபதியின் வெற்றிச் செய்தி.

இரண்டு பயணம் முடிந்தது. முதல் பயணத்தில், பிறந்ததிலிருந்து நான் சாப்பிட்ட அனைத்தையும் கடலுக்குக் காணிக்கை செலுத்தினேன். மீன்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டன. கிளமென்ட் வலையே போட வேண்டியிருக்கவில்லை, கூட்டம் அவ்வளவு. இரண்டாம் பயணத்தில் கடலுக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆயில் விஷயம். நீ சொன்னதையேதான் ஊற்றினேன். இரண்டு நாளில் கறுத்தது உண்மை. படகில் இருக்கிற பயல்கள் எனக்குக் கரிமூட்டை அண்ணாச்சி என்று பேர் வைத்து, சோறு போடும்போதுகூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிளமென்ட் அளவுக்கம்பியைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. வெள்ளகோவிலில் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தவன் எவனும் உண்டா?

ஆனால் அம்மணி, மாமன் கைராசியைப் பார். இரண்டாம் பயணத்தில் ஆயில் தானாகத் தெளிந்துவிட்டது. நூறு மணி நேரம் ஓடியும் பொன் மாதிரி இருக்கிறது. கரிமூட்டை என்றவனெல்லாம் இப்போது வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்துப் படகுக்காரர்கள் தரிசனத்துக்கு வந்து போகிறார்கள். நீ கொடுத்த பேப்பரில் ஒரு சொட்டு வைத்து அனுப்பியிருக்கிறேன். இதை என் ராஜமுத்திரையாக வைத்துக்கொள்.

திங்கட்கிழமை விடியலில் மூன்றாம் பயணம். ஏழு நாள்.

இப்படிக்கு,
பொன்னாயில் கொண்டான்
வெங்கடபதி


சரவணம்பட்டி
22-8-1994

மாமா,

உங்கள் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. அரை மணி நேரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஐஸ் பேக்டரிக்குப் போன் போட்டேன். காலை அஞ்சு மணிக்கே படகு போய்விட்டது என்றார்கள். சந்தியாகு மாமாவைக் கூப்பிடச் சொல்லிப் பேசினேன். படகில் வயர்லெஸ் இல்லை, திரும்பி வந்தால்தான் உண்டு என்றார். அதனால் நீங்கள் கரையேறின பிறகு படிக்கப்போகிற கடிதத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆயில் தானாகத் தெளியாது மாமா.

நான் சொன்ன ஆயிலாக இருந்தால் அந்தச் சொட்டு பேப்பரின் ஓரம் வரைக்கும் கறுப்பும் சாம்பலுமாகப் பரவியிருக்கும். உங்கள் ராஜமுத்திரையில் நடுவே குங்குமப் பொட்டு அளவுக்கு ஒரு கெட்டிக் கறுப்பு, அதைச் சுற்றி வெறும் மஞ்சள் வளையம். அழுக்கைச் சுமக்கத் தெரியாத ஆயில்தான் இப்படி அதைப் போட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடும். நீங்கள் என் ஆயிலை வடித்துவிட்டு உங்கள் டின்னை ஊற்றியிருக்கிறீர்கள். கடிதத்தில் ஒன்று எழுதி, அதே உறையில் அது பொய் என்று சாட்சியையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

பொன்னாக இருக்கிறதே என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், ஆனால் கரி எங்கேயும் போகவில்லை. பிஸ்டன் ரிங்குகளுக்குள் உட்கார்ந்து இறுகிக்கொண்டிருக்கிறது. ரிங் ஒட்டினால் முதலில் புகை, அப்புறம் இழுவை குறையும், அப்புறம் நிற்கும். கிணற்று மேட்டில் நின்றால் நடந்து வீட்டுக்கு வரலாம். நீங்கள் ஏழு பேரோடு எங்கே இருக்கிறீர்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

காலையிலிருந்து மில்களிலிருந்து சோதிக்க வந்த நாற்பது ஆயில் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றையும் திறக்காமல் உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். சாயங்காலம் அத்தை போன் போட்டாங்க. மாமா சாப்பிடுறாரா கண்ணு, வெயில்ல அலையுறாரா என்று கேட்டாங்க. கரையில்தான் இருக்கார் அத்தை என்றேன். இது மூன்றாவது தடவை. நாலாவது தடவை என்னால் முடியாது.

பிரவீனா


தோப்பும்படி
3-9-1994

அம்மணிக்கு,

உன் கடிதம் ஐஸ் பேக்டரியில் எனக்காகக் காத்திருந்தது. நின்றுகொண்டு படிக்க முடியவில்லை. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். வேட்டி நனைந்ததுகூடத் தெரியவில்லை. நாங்கள் கரையேறியதைச் சந்தியாகு உனக்குப் போனில் சொல்லிவிட்டான், என்ஜினைச் சரி பண்ணாமல் எழுத எனக்குத்தான் முகம் இல்லை.

நீ எழுதியதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. முதல் பயணம் முடிந்து எல்லாரும் மீன் இறக்கப் போனபோது உன் ஆயிலை வடித்தேன், என் டின்னை ஊற்றினேன். வடித்ததைக் கழிவு டிரம்மில் கொட்டினேன். நீ சொல்லி வாங்கின புதிய டின் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. என் படுக்கைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் என்ஜின் மூச்சுக்குழாயில் புகை வந்தது. நீராவிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும் அம்மணி. அப்போது கரை கண்ணுக்குத் தெரியவில்லை. வலை தண்ணீருக்குள் இருந்தது. இன்னும் மூன்று நாள் எப்படியாவது ஓட்டிவிடலாம், கரைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று ஒரு கணக்கு ஓடியது. மேலே எட்டிப் பார்த்தேன். ஏழு பேரும் வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்ஜின் சத்தத்துக்குத் தலையாட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அந்தக் கணக்கு ஓடவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டேன்.

அம்மணி, நடுக்கடலில் என்ஜின் நின்றால் வருகிற அமைதியை மட்டும் என்னால் பெரிதாக்கிச் சொல்ல முடியவில்லை.

கிளமென்ட் இறங்கி வந்தான். ஏன் நிறுத்தினீங்க அண்ணாச்சி என்று கேட்டான். உள்ளது உள்ளபடி சொன்னேன். ஆயிலை மாற்றினது, உனக்குப் பொய் எழுதினது, எல்லாம். அவன் கையை ஓங்கியிருந்தால் வாங்கியிருப்பேன். அவன் அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்தான். அதே பொன்.

"கறுத்தா நாங்க சிரிச்சிட்டு விட்டிருப்போம் அண்ணாச்சி. அம்புட்டுத்தான். அதுக்காகவா?"

படுக்கைக்கு அடியில் இருந்த டின்னை இழுத்தேன். பழையதை வடித்து உன் ஆயிலை ஊற்றினோம். அது ஒட்டியிருந்த கரியைக் கரைத்துக்கொண்டு வந்து பில்டரை அடைத்தது. இரண்டு பில்டர் மாற்றினோம், மூன்றாவது இல்லை. பழையதையே டீசலில் கழுவிப் போட்டேன். பாதி வேகத்தில், முப்பத்தொரு மணி நேரம், என்ஜின் பக்கத்தை விட்டு நகராமல் ஓட்டி வந்தேன். ஒருவனும் கரிமூட்டை என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கரையில் பிரித்துப் பார்த்தோம். ஆறு பிஸ்டனில் மூன்றில் ரிங் பசை போட்டதுபோல் ஒட்டியிருந்தது. ஒன்று கையில் வரும்போதே முறிந்தது. இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் என்று கிளமென்ட் ஆரம்பித்தான், முடிக்கவில்லை. அஞ்சு நாள் வேலை செய்து புது ரிங் மாட்டினேன். கரையோரமாக இருபது மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம்.

வருகிற 12-ஆம் தேதி திங்கட்கிழமை படகு கிளம்புகிறது. நான் ஏறுவதா வேண்டாமா என்று சந்தியாகுவிடம் கேட்டேன். மச்சினன் சொல்லட்டும் என்றான். மச்சினன் சொன்னது இது.

"உங்க மருமக எழுதிக் குடுத்தா படகுல ஏறுங்க. இல்லேன்னா கோயமுத்தூர் பஸ்ஸுல ஏறுங்க."

சொட்டு வைத்திருக்கிறேன். கறுப்பாகத்தான் இருக்கிறது. இருபது மணி நேரம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். பஸ் எனக்குத் தெரியாத வண்டி இல்லை. நீ எதை எழுதினாலும் அதன்படி.

வெங்கடபதி


சரவணம்பட்டி
8-9-1994

அன்புள்ள மாமா,

சொட்டைப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்து நான் ஒரு தடவை, எங்கள் லேபில் இருக்கும் பெரியவர் ஒரு தடவை. ஓரம் வரைக்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. நடுவில் பொட்டு இல்லை. ஆயில் சரி, அதை ஊற்றின ஆளும் இந்தத் தடவை சரி. படகில் ஏறலாம். கிளமென்ட் அண்ணனுக்குத் தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுங்க.

அதில் ஒரு நிபந்தனையும் எழுதியிருக்கிறேன். இனிமேல் ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. அதை அவர் கையால் வைத்து, அவர் கையெழுத்தில் மணியை எழுதி அனுப்ப வேண்டும். கோபித்துக்கொள்ளாதீங்க. நீங்கள் என்ஜினை நிறுத்தின இடத்தை மூன்று தடவை படித்தேன். அதனால்தான் ஏறச் சொல்கிறேன். அதற்கு முந்தின கடிதத்தையும் படித்தேன். அதனால்தான் நிபந்தனை.

அப்புறம் அத்தை. புதன்கிழமை நேரிலேயே வந்துவிட்டாங்க. நாலாவது தடவை முடியாது என்று எழுதியிருந்தேன் அல்லவா, முடியவில்லை. படகு, ஆயில், நடுக்கடல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாங்க, உங்களைத் திட்டுவாங்க என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்போடு நின்றேன். சொம்பை வாங்கிக் கீழே வைத்தாங்க. பிறகு, "அந்தாளு கெணத்துல எறங்கினாலே படிய உட மாட்டாரே கண்ணு" என்று மட்டும் சொன்னாங்க. அப்புறம் கொச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அங்கே இருப்பாங்க. வேட்டியை மாற்றிக்கொண்டு நில்லுங்க. ஒரு பையில் முறுக்கு, இன்னொரு பையில் காற்று இறக்கி மடித்த பழைய டிராக்டர் டியூப் ஒன்று இருக்கும். அதில் காற்று அடித்து உங்கள் இடுப்பில் கட்டி, படகுத்துறையிலேயே, ஏழு பேர் முன்னால் நீச்சல் கற்றுக்கொடுக்கப்போவதாகச் சொல்கிறாங்க. அத்தைக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது.

அன்புடன்,
பிரவீனா