கலாவதியின் கத்தியும் என் மூக்கும்

3 ஆகஸ்ட் 1986, ஞாயிறு

காபிச் செடிக் கிளை கீறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். புதுக் கத்தியில் முகம் பார்த்து மீசையில் நரைமுடி பிடுங்கும்போது, முனை மூக்கில் ஏறிவிட்டது. ஐம்பத்தொரு வயசு. தினம் காலையில் நூறு பேருக்குப் பேர் கூப்பிடுகிற எஸ்டேட் ரைட்டர். மூக்கில் பிளாஸ்திரி.

கூடத்தில் கண்ணாடி இருக்கத்தான் இருக்கிறது. என் மீசைக்கு நேராக நானே ஆணியடித்து மாட்டியது. ஆனால் மூடுபனி நாளில் அங்கே இருட்டு. சமையலறை ஜன்னலில்தான் வெளிச்சம். அதனால்தான் கத்தி.

கத்தி வந்த கதை: முதலாளி எஸ்டேட்டை விற்றுவிட்டு மெட்ராஸ் போகிறார். பங்களாவைக் காலி செய்யும்போது, ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளியம்மா. டிரைவர் ரேடியோவை எடுத்தான். தோட்டக்காரன் கட்டிலை எடுத்தான். நான் கத்தியை எடுத்தேன். மான்கொம்புப் பிடி, அதன் முனையில் பித்தளைக் குமிழ், அகலமான பளபள அலகு, அதன் ஓரம் நெடுகப் பூங்கொடி வேலைப்பாடு.

"கட்டில் இருந்துச்சுங்களா?" என்றாள் கலாவதி.

"இருந்துச்சு."

"அப்புறம் ஏனுங்க இது?"

கத்தியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவள் புகழ்ந்தது என் ரசனையை என்று எடுத்துக்கொண்டேன்.

6 ஆகஸ்ட்

மூன்று நாளாக வீட்டில் ஒரே வழக்கு: எந்தக் கத்தி அழகு?

அவளுடையது அசிங்கம். கல்யாணமான வருஷம் குப்பனூர்க் கொல்லர் லாரிப் பட்டையில் அடித்துக் கொடுத்தது. கன்னங்கரேலென்று இருக்கும். பிடி காபிக் கட்டை, அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்று. எங்கள் வீட்டில் அரிவாள்மணை தேங்காய் துருவ மட்டும்தான். மற்றதெல்லாம் இருபத்துநாலு வருஷமாக இந்தக் கரியன்தான்.

"உங்களுது கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரிங்க. உக்காந்து காபி குடிக்கும். என்னுது பந்தி பரிமாறும்" என்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் ஏரிக்கரையில் பழக்கடை வைத்திருப்பவள். யார் வீட்டுத் தகராறும் அவளில்லாமல் முடியாது. "ரைட்டருங்க கத்தி இதுவரைக்கும் அறுத்தது ஒரே ஒரு சாமானுங்க" என்று என் மூக்கைப் பார்த்தாள்.

காபிக் கிளை கதையை ஒருத்தியும் நம்பவில்லை.

14 ஆகஸ்ட்

கலாவதி விழுந்துவிட்டாள். துவைகல் பக்கத்துப் படியில் பாசி. வலது மணிக்கட்டு.

15 ஆகஸ்ட்

சேலத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம். எலும்பு கூடிவிடுமாம். விரல்கள் முன்போல மடங்குமா என்பதைக் கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

திரும்புகிற பஸ்ஸில், பதினோராவது கொண்டை ஊசி வளைவில் கேட்டாள்: "கை வராமப் போச்சுன்னா என்னங்க பண்றது?"

"எங்கிட்ட ரெண்டு இருக்குதே" என்றேன்.

சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் என் ஜோக்குக்கு அவள் திட்டாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கிறது.

17 ஆகஸ்ட்

சமையல் நான்தான். மகள் திருச்செங்கோட்டில் பச்சைக் குழந்தையோடு இருக்கிறாள், அவளை எப்படிக் கூப்பிடுவது?

மான்கொம்பைத் தக்காளிமேல் வைத்தேன். அது அறுக்கவில்லை. தக்காளியை அவமானப்படுத்தியது. வெங்காயத்தில் வழுக்கி ஓடியது. ரசம் வைக்க நினைத்ததைக் கூழ் என்று பேர் மாற்றிப் பரிமாறினேன். கத்தியைக் கழுவி ஜன்னல் திண்டில் போட்டேன்.

"அங்கயே இருக்கட்டுங்க" என்றாள்.

தோல்வியைப் பார்வைக்கு வைக்கச் சொல்கிறாள். நியாயம்தான்.

18 ஆகஸ்ட்

வேறு வழியில்லாமல் கரியனை எடுத்தேன். அடேயப்பா! தக்காளியில் வைத்தேன், இறங்கிவிட்டது. நான் அழுத்தவேயில்லை. பீன்ஸை அது அரிகிற சத்தம்கூட வேறு.

31 ஆகஸ்ட்

காலையில் அவளுக்குத் தலை வாரிவிட்டுத்தான் ஆபீஸ் போகிறேன். பின்னல் வரவில்லை. நான் போடுகிற கொண்டையைப் பார்த்துப் பழனியம்மாள், "அக்கா தலையில குருவி கூடு கட்டியிருக்குதுங்களா?" என்றாள். பொட்டு மட்டும் அவளே இடது கையால் வைத்துக்கொள்கிறாள். நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது.

சோறு பிசைந்து ஊட்டும்போது என் கையைப் பார்க்கிறாள். "உங்களுக்கு நொம்ப சிரமம்" என்கிறாள், விருந்தாளி மாதிரி. சாயங்காலம் அவள் அறியாமல் பார்த்தேன்: கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற விரல்களை மடக்கப் பார்க்கிறாள். மடங்கவில்லை.

9 செப்டம்பர்

ஒரு யோசனை. இத்தனை வருஷம் உழைத்த கரியனுக்கு ஒரு நல்ல சட்டை வேண்டாமா? கட்டைப் பிரிக்கிற அன்றைக்குப் புதுசாக எடுத்து வைத்தால் அவள் முகம் எப்படி மலரும்!

குப்பனூர் பஸ் ஏறிக் கொல்லர் அருள்சாமியிடம் கொடுத்துவிட்டேன். அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். பிடிக்கு நல்ல ஈட்டி மரம், பித்தளை ஆணி, பாலிஷ்.

"ஓடிட்டிருக்கிற வண்டிங்க இது. எதுக்குப் பிரிக்கோணும்?" என்றார் அருள்சாமி.

"எங்க ஊட்டுக்காரிக்குங்க" என்றேன். கத்தியை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாணை பிடிக்கக் கொடுத்திருப்பதாக வீட்டில் பொய் சொல்லியாயிற்று. பத்து நாளாகுமாம். அதுவரை காய்கறியைக் கையாலேயே பிய்த்துப் போட வேண்டியதுதான்.

19 செப்டம்பர்

வந்துவிட்டது. என்ன அழகு! பெட்டியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

26 செப்டம்பர்

கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, யாருடையதோ போல இருக்கிறது. விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. சின்னச் சின்ன வேலை செய்து பழக்கச் சொன்னார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் போனது சமையலறைக்கு. நாலு பீன்ஸை எடுத்து வைத்துவிட்டுக் கரியனைத் தேடினாள். நான் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி புதுக் கத்தியைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தேன்.

பார்த்தாள். "இது யாரு கத்திங்க?"

"உன்னுதுதான் கலா."

எடுத்தாள். வழுவழுப்பான பிடி விரலுக்குள் நிற்கவில்லை. தரையில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை குனியவில்லை.

"அதை மட்டும் புடிச்சிருவேன்னு நெனைச்சிட்டு இருந்தேனுங்க. ஆறு வாரமா" என்றாள்.

போய்ப் படுத்துக்கொண்டாள். நான் என்ன மனுசன்? அடுத்தவன் செருப்பைத் தொலைச்சாலும் பரவாயில்லை. ஊட்டுக்காரி கையையே கொண்டுபோய் மாத்திட்டு வந்திருக்கேன்—

27 செப்டம்பர்

கத்தி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

28 செப்டம்பர்

ஞாயிறு. கத்தியோடு முதல் பஸ்ஸில் குப்பனூர்.

"பழைய பிடிக் கட்டைங்களா? உலையில போட்டிருப்பனுங்க" என்றார் அருள்சாமி. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவரே எழுந்து தேடினார். கரிக்கூடையில் இல்லை. இரும்புக் குப்பையில் இல்லை. கடைசியில் அவருடைய பெஞ்சின் ஆட்டம் நிற்க ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருந்த கட்டை அதுதான்.

டியூப் போய்விட்டிருந்தது. கட்டையின் ஒரு பக்கத்தில் சின்னப் பள்ளம், கட்டைவிரல் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன். கொள்ளவில்லை. அவளுடைய விரல் இவ்வளவு சின்னது என்பது எனக்குத் தெரியாது.

அருள்சாமி பழைய பிடியையே மாட்டிக் கொடுத்தார். டியூபுக்குத் தன் சைக்கிளிலிருந்தே வெட்டினார். பளபளப்பு போக அலகை நெருப்பில் காட்டலாமா என்று கேட்டேன். "அத்தோட பதமும் போயிருமுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார்.

அதே நாள், சாயங்காலம்

கத்தியை யாருக்கும் கையில் கொடுப்பதில்லை, கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம். இன்று நான் அவள் உள்ளங்கையிலேயே வைத்தேன்.

"கையில குடுக்காதீங்க. சண்டை வரும்."

"இத்தனை வருசமா கீழ வெச்சுத்தான் குடுத்தேன். வராமயா இருந்துச்சு?"

கட்டைவிரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மற்ற விரல்கள் டியூபைப் பற்றின. முழுசாக இல்லை, முக்கால்வாசி. ஒரு பீன்ஸை நாலாக அரிந்தாள். நாலும் நாலு அளவு. வேர்த்துவிட்டது அவளுக்கு.

"பாத்துட்டே நிக்கிறீங்களே, அடுப்புல பருப்பு பொங்குதுங்க" என்று திட்டினாள்.

கலாவதி திட்டினாள்!

20 அக்டோபர்

இன்று ஒரு கட்டு கீரை, தனியாக. முருங்கைக்காயையும் நறுக்கினாள். சுண்டுவிரல் மட்டும் இன்னும் ஒத்துழைக்கவில்லை.

வழக்கு முடிந்தது. தீர்ப்பு எழுதிவிடுகிறேன்: கத்திக்கு அழகு அதன் வேலையில்தான். பார்க்க லட்சணமாக இருந்து யாருக்கும் உதவாத பண்டத்தைக் கொண்டுவந்தது என் குற்றம். மான்கொம்பைப் பழனியம்மாள் கடைக்குக் கொடுத்துவிடப் போகிறேன், ஈ ஓட்டவாவது ஆகட்டும்.

21 அக்டோபர்

கொடுப்பதற்காக ஜன்னலிலிருந்து எடுத்தேன். மிளகு பாட்டிலில் சாய்த்து, வெளிச்சத்தைப் பார்க்க நிறுத்திவைத்திருந்தது. அலகு துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் சிவப்பு. மறுபடி யார் மூக்கு என்று பதறிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். குங்குமம்.

"அதைக் குடுத்திறாதீங்க" என்றாள் அடுப்படியிலிருந்து, திரும்பாமலே. "வந்த நாள்ல இருந்து அதுல பாத்துத்தான் பொட்டு வெக்கிறேனுங்க."

கூடத்துக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். என் மீசை தெரிந்தது. கலாவதி என் தோளுக்குத்தான் வருவாள்.