கடையில் கிடைக்காத சீம்பால்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மஹய்யாவவில் நான் தங்கியிருக்கும் அறையில் குளிர் அதிகம்; பழைய கம்பளியை அனுப்பிவையுங்கள்.

நாவலப்பிட்டி பஸ்ஸில் நீங்கள் கொடுத்தனுப்பிய சீம்பாலைச் சீனி போட்டுக் காய்ச்சி அலுவலகத்தில் பகிர்ந்தேன். ஏது என்று கேட்டார்கள். நாம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மாடு வளர்ப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கடையில் வாங்கியதாகச் சொல்லிவிட்டேன்.

உடன் வேலை செய்யும் றம்லத் அக்கா சிரித்துவிட்டார். "கன்னு போட்ட வீட்டுல சும்மா குடுக்கிறத எந்தக் கடையில விக்கிறாங்க தங்கச்சி? எங்களுக்கும் காட்டுங்களேன்!"

"எங்கம்மா கறந்தது" என்றேன் மெதுவாக.

"அப்படியா! கன்னு கெடேரியா, காளையா?"

எனக்குத் தெரியவில்லை, அம்மா. கன்று பிறந்ததை நீங்கள் போனில் சொன்னபோது, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். மன்னியுங்கள். என்ன கன்று என்று எழுதுங்கள். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
யோகமலர்